பொதுநிலத்தில் ஒரு கல்லறை

பவுல் அப்போஸ்தலர் அப்பியுபுரத்தையும் மூன்று சத்திரத்தையும் கடந்து ரோமாபுரியை நெருங்கியபோது (அப். 28:15), அவர் சென்ற அப்பியன் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கல்லறைகள் நிறைந்திருந்தன. இதற்குக் காரணம் ஒரு பழஞ்சட்டமாகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயற்றப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம், நகரினுள் பிணத்தைப் புதைத்தலையும் எரித்தலையும் தடைசெய்தது. ஆகவே, குடும்பத்தார் தம் பொருட்செலவில் வாயிலுக்கு வெளியே சாலையோரத்தில் கல்லறைகளை எழுப்பினர்.

இவற்றினின்று வேறுபட்டது, பொதுப்பணி ஆற்றியவனுக்கு ஊரார் பொதுநிலத்தையே வழங்கிய கல்லறை. கப்பித்தோலியக் குன்றின் அடிவாரத்தில் காயு பொப்பிலிக்கியு பிபுலு என்பவரின் கல்லறை இன்றும் காணப்படுகிறது. அது கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவருடைய மேன்மையையும் ஆற்றலையும் முன்னிட்டு, செனற் சபையின் தீர்மானத்தினாலும் மக்களின் கட்டளையினாலும், அவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் அந்நிலம் அளிக்கப்பட்டதென அதன் கல்வெட்டு கூறுகிறது. அவர் ஆற்றிய தொண்டு யாதென அது கூறவில்லை. மதிப்பை அளித்தவர் யார் என்பதையே அழுத்தமாய்ப் பொறித்துள்ளது.

கி.மு. 43இல் அந்தோனியுவுக்கு எதிரான போரில் உயிர்நீத்த கான்சல்களாகிய கிர்த்தியு, பான்சா ஆகிய இருவரையும் செனற் சபை மார்ஸ் வெளியில் பொதுச்செலவில் அடக்கம் செய்வித்தது. சிறு நகரங்களும் இவ்வழக்கத்தைப் பின்பற்றின. பொம்பேயியின் எர்க்குலேனிய வாயிலுக்கு வெளியே, நகராட்சித் தலைமைப் பதவியை இருமுறை வகித்த அவுலு வேயியு என்பவருக்கு, நகர்மன்றத் தீர்மானத்தின்படி அரைவட்டக் கல் இருக்கை ஒன்று அமைக்கப்பட்டது. வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறும் இடமே அவருடைய நினைவுச்சின்னமாயிற்று.

ஆனால் கி.மு. 28இல் அகுஸ்து இராயர் மார்ஸ் வெளியில் ஏறத்தாழ 87 மீட்டர் விட்டமுள்ள பெருங்கல்லறையைத் தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் எழுப்பத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 35. மக்கள் மாண்டோருக்கு வழங்கி வந்த மதிப்பை, உயிரோடிருக்கும் ஆட்சியாளர் தமக்கெனத் தாமே அமைத்துக்கொண்டார்.

எபிரெயர் நிருபம் (5:4) ஆசாரியத்துவத்தின் கனத்தைக் குறித்துப் பேசுகையில், அதனைத் தானாய் ஏற்றுக்கொள்வதையும் அழைப்பினால் பெறுவதையும் வேறுபடுத்துகிறது. அகுஸ்துவின் கல்லறையையும் பிபுலுவின் கல்வெட்டையும் ஒப்புநோக்குவோர், அவ்வேறுபாட்டின் கூர்மையை எளிதில் உணர்வர்.