காடும் கரையும்: அம்பாறைக் கரையோர ஊர்கள் நெருங்கிய வரலாறு

காடு நாடாகும் வரலாற்றிற் சாலை முன்செல்ல ஊர் பின்தொடர்வது பலவிடத்துங் காணப்படுவது. பிரேசிலின் அமேசான் மழைக்காட்டில் 1970இல் தொடங்கிய பெருஞ்சாலைப் பணி இதற்குத் தக்க சான்றாகும். அம்பாறைக் கரையோரத்தின் வரலாறு இதனின் வேறுபட்டது. உள்நாட்டுக் காடு பேரளவில் வெட்டப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் இங்கு நிலைபெற்றிருந்தன. காடு திறந்தபின் அவை மேற்கே விரியவில்லை. இருந்த இடத்திலேயே நெருங்கின.

இப்பகுதிக் காடு மழைக்காடன்று. வடகீழ்ப் பருவமழையை நம்பித் தழைக்கும் வறண்ட வலயக் காடு. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626ஆம் ஆண்டளவிற் கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்திற் குடியமர்த்தினான் என்பர். கரையோர மக்கள் மணல்மேட்டில் வீடமைத்து, மேற்கே தாழ்நிலத்தில் நெல் விளைத்து, அதற்கப்பால் சேனை வெட்டினர். அட்டாளை என்பது காவற்பரண். அட்டாளைச்சேனை என்ற ஊர்ப்பெயர் அவ்வாழ்க்கையின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. கைவிட்ட சேனையிற் காடு மீண்டும் வளர்ந்தது. எனவே ஊருக்கும் காட்டுக்கும் இடையே நிலையான எல்லை இருக்கவில்லை.

அவ்வெல்லையை வகுத்தது கல்லோயாத் திட்டம். 1949இல் இதற்கென அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட, சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. காடழித்த நிலத்திற் குடியேற்றப்பட்டோருட் பெரும்பான்மையினர் பிற மாவட்டச் சிங்கள விவசாயிகள். தமிழரும் முஸ்லிம்களும் சில பகுதிகளிற் காணி பெற்றனர். அம்பாறை புதுநகராய் எழுந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்திற்கு அதுவே தலைநகராயிற்று. கரையோர வட்டைகள் பல வாய்க்காலின் கடைமடையில் நின்றன. நிருவாகமோ உள்நாட்டுக்கு நகர்ந்தது.

மறுபுறம், மணமாகும் மகளுக்கு வீடு கொடுப்பது இப்பிரதேசத் தமிழர்க்கும் முஸ்லிம்கட்கும் பொதுவான வழக்கு. தாய் வளவு மகளிர்க்குப் பிரிந்தது. தலைமுறைதோறும் வளவு சிறுத்தது. கிழக்கே கடல்; மேற்கே சோறிடும் வயல். அதனை மேடாக்கி வீடு கட்டுவது விளைவை இழப்பதாகும். 2001இல் மாநகரசபையான கல்முனையில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

இந்நெருக்கத்தின் விலை 2004 டிசம்பர் 26இல் வெளிப்பட்டது. ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. இறந்தோர் 10,000க்கும் மேற்பட்டோர். பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாதென அரசு விதித்தது. ஒடுங்கிய மணற்பரப்பில் வாழ்ந்தோர்க்கு மாற்றுக் காணி எங்கே என்ற வினாவுக்கு எளிதில் விடை கிட்டவில்லை. அவ்விதியும் பின்னர் தளர்த்தப்பட்டது.

ஓர் ஊரின் வளர்ச்சியை அதன் மக்கட்டொகை மட்டும் காட்டிவிடாது. அதன் பின்னாலுள்ள நிலம் யார் கையில், எவ்விதியின்கீழ் இருக்கின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாறு நோக்கின், கல்முனையின் தெரு நெருக்கத்திற்கான காரணங்களுள் ஒன்று காட்டோரத்தில் வகுக்கப்பட்ட எல்லையே என்பது புலனாகும்.