மரியா கெப்பர்ட் மேயர்: ஆய்வுகளும் மேற்கோள் வரலாறும்

அணுக்கரு இயற்பியலாளர் மரியா கெப்பர்ட் மேயர் (1906–1972) 1963-இல் நோபல் பரிசு பெற்றது அணுக்கருவின் கூடு அமைப்பை விளக்கியதற்காக. ஆனால், அவருடைய கட்டுரைகளைப் பிறர் எப்போது, எதற்காக மேற்கோள் காட்டினர் என்று ஆராய்ந்தால், பரிசுக்குரிய ஆய்வு மட்டும் முன்னிற்பதில்லை. அவர் தொட்ட துறைகள் பல. ஒவ்வொன்றிலும் மேற்கோள் பெருகிய காலம் வேறு. அதைப் பெரும்பாலும் தீர்மானித்தது, கணக்கைச் சோதிக்கும் கருவி கைக்கு வந்த காலம்.

கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னிடம் பயின்று 1930-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஓர் அணு ஒரே நிகழ்வில் இரண்டு ஒளியன்களை உட்கவர முடியும் என்பது ஆய்வேட்டின் முடிவு. விரிவான கட்டுரை 1931-இல் ‘அன்னாலென் டெர் ஃபிசிக்’ இதழில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. இந்நிகழ்வு நேர மிகச் செறிவான ஒளி வேண்டும். அன்று எந்த விளக்காலும் அதைத் தர இயலவில்லை. 1960-இல் லேசர் பிறந்தது. மறு ஆண்டே பெல் ஆய்வகத்தில் கைசரும் கேரட்டும் யூரோப்பியம் கலந்த கால்சியம் ஃபுளூரைடு படிகத்தில் இதைக் கண்டனர். 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் இரு ஒளியன் நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தியதும், உயிருள்ள திசுக்களை ஆராய்வோரும் 1931 கட்டுரையைத் தேடி வந்தனர். நெடுங்காலம் கவனிப்பின்றிக் கிடந்து பின்னர் மேற்கோள் பெருகும் இத்தகைய கட்டுரைகளை அறிவியல் அளவியலார் ‘உறங்கும் அழகி’ என்பர். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2009-இல்தான் அதே இதழில் வந்தது.

1935-இல் எழுதிய இரட்டை பீட்டாச் சிதைவுக் கட்டுரை இன்னும் நீண்ட காலம் காத்திருந்தது. விக்னரின் யோசனையில் தொடங்கி, ஃபெர்மியின் பீட்டாச் சிதைவுக் கோட்பாட்டைக் கையாண்ட அக்கட்டுரை, அரை ஆயுட்காலம் 10¹⁷ ஆண்டுகளுக்கும் மேல் என மதிப்பிட்டது. செலினியம்-82-இல் அச்சிதைவை ஆய்வகத்தில் நேரடியாகக் கண்டது 1987-இல். அவர் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பின். இன்று நியூட்ரினோ ஆய்வாளர்களின் மேற்கோள் பட்டியல் பலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

போர்க்காலத்தில் கொலம்பியாவில் யுரேனிய ஐசோடோப்புகளைப் பிரிக்கும் பணியில் இருந்தபோது வேதியியலாளர் பிகெலைசெனுடன் செய்த ஐசோடோப்புச் சமநிலைக் கணக்கு, 1947-இல் வேதி இயற்பியல் இதழில் வெளியானது. இதற்குக் காத்திருப்பு நேரவில்லை. நிறை நிறமாலைமானி அப்போதே மேம்பட்டு வந்தது. சிகாகோவில் யூரே குழுவினர் கடற்சிப்பிகளின் ஆக்சிஜன் விகிதத்திலிருந்து பழங்காலக் கடல் வெப்பத்தைக் கணிக்கத் தொடங்கியிருந்தனர். புவிவேதியியலில் ‘பிகெலைசென்–மேயர் சமன்பாடு’ நிலைத்தது. அதைக் கையாளும் மாணவர் பலர் அந்த மேயரைக் கூடு மாதிரியுடன் சேர்த்து நினைப்பதில்லை.

கூடு மாதிரிக்கும் தரவு முன்பே இருந்தது. 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற ‘மாய எண்கள்’ கொண்ட அணுக்கருக்கள் ஏன் தனி நிலைப்பு உடையவை என்பதற்கு, வலுவான தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பே விடை என அவர் 1949-இல் ‘பிசிக்கல் ரிவ்யூ’ 75-ஆம் தொகுதியில் காட்டினார். ஹாக்செல், ஜென்சன், சூயஸ் மூவரும் தனியே அதே முடிவுக்கு வந்து அதே தொகுதியில் வெளியிட்டதால், இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துக் காட்டுவதே வழக்கமாயிற்று. அத்தகைய பிணைப்புக்கு அறிகுறி உண்டா என்று ஃபெர்மி கேட்ட கேள்வியே தொடக்கம் என்று அவர் நன்றிக்குறிப்பில் எழுதியுள்ளார். மேற்கோள் கணக்கில் நன்றிக்குறிப்பு சேராது. ஒரு கட்டுரைக்கு வித்திட்ட கேள்வி இவ்வாறு எண்ணிக்கைக்கு வெளியே நிற்பது இம்முறையின் பெரிய குறை.

இன்னொரு குறையும் உண்டு. பாடநூலில் ஏறிவிட்ட கருத்துக்கு மூலக் கட்டுரையை எவரும் தேடுவதில்லை என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சுட்டியிருக்கிறார். மேயர் ஜென்சனுடன் 1955-இல் எழுதிய நூலுக்குப் பின் கூடு மாதிரி பொதுச்சொத்தாயிற்று. மாய எண்களைக் கையாளும் கட்டுரைகளில் 1949 மூலம் இடம்பெறாமல் போவதும் இயல்பே. கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணையோ 1960-களில்தான் தொடங்கியது. முழு ஊதியப் பேராசிரியர் பணியும் மேயருக்கு 1960-இல் சான் டியேகோவில்தான் வாய்த்தது. மேற்சொன்ன ஆய்வுகள் அனைத்தும் இவ்விரண்டுக்கும் முற்பட்டவை.

இரு ஒளியன் உட்கவர் பரப்பின் அலகு இன்று ‘கெப்பர்ட்-மேயர்’ எனப்படுகிறது. ஓர் அலகு 10⁻⁵⁰ செ.மீ.⁴ விநாடி. அளவீட்டு அட்டவணைகளில் இப்பெயர் வரும் இடங்களில் 1931 கட்டுரை மேற்கோளாக எண்ணப்படுவதில்லை.