குறட்டையைக் கேட்டவர்கள்

அமெரிக்காவில் ஐம்பத்தொரு வயது வணிக நிர்வாகி ஒருவர். வாரம் ஒருமுறை நண்பர்களோடு போக்கர் ஆடுவார். ஒருநாள் அவர் கைக்கு மூன்று ஏஸ், இரண்டு கிங் வருகின்றன. ஃபுல் ஹவுஸ். சீட்டாடுகிற எவரும் அந்த நிமிடத்தில் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார்கள். இவரோ தூங்கிவிட்டார். சில நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தார். 1956-இல் பர்வெல் என்ற மருத்துவரும் சகாக்களும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தச் சீட்டாட்டக் கதை வருகிறது. எடை 260 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 118 கிலோ. நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிக்விக்கியன் சிண்ட்ரோம்’.

பெயர் டிக்கன்ஸின் முதல் நாவலிலிருந்து வந்தது. 1836-37-இல் மாதத் தொடராக வந்த ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன், வார்டில் வீட்டு வேலைக்காரன். நின்றபடியே தூங்குவான், குறட்டை விடுவான், எழுப்பினால் சாப்பிடுவான். ஒரு காட்சியில் வக்கீல் அலுவலகக் கதவை விடாமல் இடித்துக்கொண்டே இருப்பான். நிறுத்தினால் தூங்கிவிடுவான் என்று எஜமானர் அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. வரவேண்டும் என்றுதான் டிக்கன்ஸ் எழுதினார். நம்மூரில் இந்த வேலையைக் ‘கும்பகர்ணன்’ என்ற ஒற்றைச் சொல் செய்துவிடும்.

டிக்கன்ஸ் குறட்டையைக் கேட்டிருக்கிறார். 1956-இன் மருத்துவர்கள் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். உடல் பருமனால் மூச்சு ஆழமாக இல்லை, வெளியேறாத கரியமில வாயுதான் ஆளை மயக்குகிறது என்று முடிவு கட்டினார்கள். உணவைக் குறைத்தார்கள், எடை இறங்கியது, ஆள் தெளிந்தார். முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு நோய் தனியாக உண்டு. ஆனால் மூளை அலைகளையும் மூச்சையும் சேர்த்து இரவு முழுக்கப் பதிவுசெய்கிற வழக்கம் அன்று மருத்துவமனைகளில் இல்லை. என் தொழிலில் இதை உடனே புரிந்துகொள்வார்கள். பிழை நடப்பது ராத்திரி ரெண்டு மணிக்கு, கையில் இருப்பது பகல் நேர லாக்.

இத்தனைக்கும் மூக்கு வைத்தியர்கள் முன்பே பக்கத்தில் வந்திருந்தார்கள். 1880-களில் ஆம்ஸ்டர்டாமில் கை என்ற மருத்துவர், மூக்கடைத்த பிள்ளைகளால் எதிலும் கவனத்தை நிறுத்த முடியவில்லை என்று கண்டு அதற்கு ‘அப்ரோசெக்ஸியா’ என்று பெயர் வைத்தார். 1889-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வில்லியம் ஹில், பள்ளியில் மக்கு என்று பெயரெடுத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். வாயால் மூச்சு விடுகிறார்கள், ராத்திரி குறட்டை விட்டுப் புரள்கிறார்கள், இவர்களைப் பள்ளி மருத்துவர் கவனிக்க வேண்டும் என்றார். அடைத்த மூக்கு, குறட்டை, பகல் மந்தம் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார். இருந்தும் அது காது-மூக்கு-தொண்டைத் துறையின் மூலையிலேயே கிடந்தது.

மூக்குக்கு இதில் என்ன வேலை? காகித ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள். நுனியில் வழுக்கை அடைத்துக்கொண்டால் இன்னும் பலமாக உறிஞ்சுவோம். ஊறிப்போன ஸ்ட்ரா நடுவில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். தொண்டையும் எலும்பில்லாத குழாய்தான். தூக்கத்தில் அதைத் திறந்து பிடித்திருக்கும் தசைகள் தளர்கின்றன. மூக்கு அடைபட்டால் உறிஞ்சும் விசை கூடும், தொண்டை சுருங்கிக்கொள்ளும். சைனஸ் மட்டுமே காரணம் என்பதில்லை. கழுத்துக் கொழுப்பு, சிறிய தாடை, வீங்கிய டான்சில் எல்லாம் சேரும்.

1965-இல்தான் இரவைப் பார்த்தார்கள். பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோ குழு, ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் யுங், கூலோ. இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஒரே காட்சி. மூச்சு நிற்கிறது, மூளை ஒரு கணம் விழிக்கிறது, மூச்சு திரும்புகிறது, மறுபடி நிற்கிறது. விடிய விடிய இதேதான். தூங்குகிறவருக்கு எதுவும் நினைவிருக்காது. இத்தாலியின் பொலோனாவில் லுகரேசி குழு தூக்கத்தில் ரத்த அழுத்தத்தை அளந்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அது எகிறியது.

வைத்தியம் கொடூரமானது. 1969-இல் கூலோ குழு தொண்டையில் துளை போட்டது. பகலில் மூடிக்கொள்ளலாம், இரவில் திறந்து அதன்வழி மூச்சு. நோயாளிகள் தேறினார்கள் என்பதுதான் விஷயம். 1976-இல் ஸ்டான்ஃபோர்டின் கில்லெமினோ எட்டுக் குழந்தைகளிடம் இந்த நோயைக் காட்டினார். ஒல்லியானவர்களுக்கும் வரும் என்றார். குண்டுப் பையனின் பெயர் அதோடு பின்னுக்குப் போயிருக்க வேண்டும், முழுதாகப் போகவில்லை.

1980 ஜூனில் சிட்னியில் காலின் சல்லிவனிடம் ஒருவர் வந்தார். கழுத்தில் துளை போடச் சொல்லியிருந்தார்கள், அவருக்கு விருப்பமில்லை. சல்லிவன் வேறொன்றை முயன்றார். மூக்குக்கு அச்செடுத்த முகமூடி, பின்னால் காற்று ஊதும் மோட்டார். உள்ளிருந்து காற்றே தொண்டையைத் திறந்து பிடித்துக்கொள்ளும். அவர் இரவெல்லாம் தூங்கினார். 1981-இல் ‘லான்செட்’ இதழில் ஐந்து நோயாளிகளின் விவரம் வந்தது. தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அளவுதான். ஆரம்ப நாட்களில் முகமூடியை ராத்திரிதோறும் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். சிபாப் என்று இன்று தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் பெட்டி அதன் பேரப்பிள்ளை.

1993-இல் விஸ்கான்சின் ஆய்வு, நடுவயது ஆண்களில் 4 சதவீதம், பெண்களில் 2 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கத்தோடு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. 2000-இல் அதே குழு, மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு நான்கு வருடத்தில் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. ஆனால் பெட்டி எல்லாவற்றையும் சரிசெய்யும் என்பதற்கில்லை. ஏற்கனவே இதய அல்லது மூளை ரத்தக்குழாய் நோய் இருந்த 2,717 பேரிடம் நடந்த 2016 ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. தூக்கக் கலக்கமும் மனநிலையும் மேம்பட்டன. சராசரியாக அவர்கள் அதை மாட்டியது இரவுக்கு 3.3 மணிநேரம்.

எனக்குப் பல வருடமாகக் காலையில் தலைவலி. “தலையில நீர் கோத்திருக்கு” என்று அம்மா சொல்வார். ஆவி பிடித்தேன், தைலம் தேய்த்தேன், சைனஸ் மாத்திரை சாப்பிட்டேன். மூக்கு அடைப்பதும் உண்மைதான், அதனால் வேறெதுவும் தோன்றவில்லை. ஒருநாள் மனைவிதான் சொன்னாள், “உனக்கு மூச்சு நின்னுடுது. நான் எண்ணினேன், பதினெட்டு வரைக்கும் போச்சு.” பத்து வினாடி தாண்டினாலே கணக்கில் வரும். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு முப்பதுக்கு மேல் என்று வந்தது. தீவிர வகை.

அப்பா நாற்பது வயதிலேயே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தவர், ஐம்பத்தெட்டில் பக்கவாதத்தில் போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்குவார், நாங்கள் சிரிப்போம். அம்மாவுக்கு ஃபோன் செய்து, அப்பாவுக்கு ராத்திரி மூச்சு நிற்குமா என்று கேட்டேன்.

“நிக்கும்டா. நான் எழுந்து மூக்குகிட்ட விரலை வச்சுப் பாப்பேன். தோளை உலுக்கினா வந்துடும்.”

“டாக்டர்கிட்ட சொல்லலியாம்மா?”

“யாரும் என்னைக் கேக்கலியே.”