நொய்யல்

நொய்யல் (பெ.): வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஏறத்தாழ 180 கி.மீ. ஓடிக் காவிரியில் சேரும் ஆறு. சேருமிடத்து ஊரும் நொய்யல்தான். அவ்வூர்ப் பெயரே ஆற்றுக்கு ஏறியது என்பர். பழம்பெயர் காஞ்சிமாநதி, பேரூர்ப் புராணம் வழங்கும் பெயர் அது. காஞ்சி என்பது ஆற்றங்கரையில் வளரும் மரம், ஆற்றுப்பூவரசு என்றும் சொல்வார்கள். கரைமரத்தை நினைவூட்டும் அந்தப் பெயர் வழக்கொழிந்தது பெரிய இழப்பு. வடகரையில் கொடுமணல், பதிற்றுப்பத்தின் கொடுமணம். அங்கே மணிக்கல் பட்டறைகளும் இரும்புருக்கு உலைகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அகழாய்வில் வெளிப்பட்டன. இன்றோ நொய்யல் என்றால் திருப்பூர்ச் சாயக்கழிவு. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவைத் தேக்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது.