பீடித் தொழிலாளர் சேமிப்பும் வங்கிச் சேவையும்: தென்காசி வட்டாரம்

தென்காசி வட்டாரத்து ஏழைப் பெண்களுக்கு முதன்முதலில் தம் பெயரில் சேமிப்பைத் தந்தது வங்கி அன்று. பீடி சுற்றுவோருக்கான பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதியே. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், சுரண்டை, கடையநல்லூர், புளியங்குடி ஆகிய ஊர்களையும் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் கொண்ட இப்பகுதி, 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டமாகத் தனியே பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது.

பெண்கள் பீடிக் கடையில் இலையும் புகையிலைத் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்துக் கத்தரியால் அளவாக வெட்டி, மடியில் வைத்த சொளவில் (முறத்தில்) தூளைப் பரப்பிச் சுற்றி நூல் கட்டுவார்கள். கடைக்காரர் கட்டுகளைப் பார்த்துக் கழிவை ஒதுக்கி, எஞ்சியதைப் பாஸ் புத்தகத்தில் பதிவார். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. இலை மோசமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், பெண்கள் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கி ஈடுகட்டுவதும் உண்டு.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளராக ஏற்றது. கழிவு பற்றிய தகராறுகளைத் தீர்க்கவும் வழி வகுத்தது. முதலாளிகள் சிலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் கண்ணூர்ப் பகுதியில் வேலையை நிறுத்தியது. வேலையிழந்தோர் 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினர். 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1976இல் நல வரிச் சட்டமும் நல நிதிச் சட்டமும் வந்தன. முக்கூடல் மருத்துவமனை, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, வீட்டு மானியம் ஆகியவை இந்நிதி வழிப் பயன்கள். 1977இல் வருங்கால வைப்பு நிதி பீடித் தொழிலுக்கும் விரிந்தது. வீட்டில் சுற்றுபவர் எங்கள் ஊழியர் அல்லர் என்று உரிமையாளர்கள் வழக்காடினர். 1985இல் பி.எம். பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. அதன்பின் பாஸ் புத்தகத்தில் பெயர் இருப்பது பெரும் மதிப்பாயிற்று. பெண் பார்க்க வருவோர் பீடி சுற்றத் தெரியுமா, புத்தகம் இருக்கிறதா என்று விசாரிக்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் இருந்தது.

கூலி குறைவென்று தெரிந்தும் பெண்கள் இத்தொழிலை எளிதில் விடாததற்கு இந்த வைப்பு நிதியே முதற்காரணம். வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்ற வசதி அதற்கு அடுத்ததே. மகள் கல்யாணத்துக்கோ வீட்டு வேலைக்கோ மொத்தமாகக் கைக்கு வரும் பணம் பி.எஃப். ஒன்றுதான். புத்தகம் உள்ளவர் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்கிறார். தம் பெயரில் புத்தகம் இல்லாமல் அடுத்தவர் புத்தகத்தில் சுற்றுபவர் கழிவு கூடினாலும் வாய் திறப்பதில்லை. அவருடைய உழைப்பு ஆண்டுக்கணக்கில் வேறொருவர் கணக்கில் சேர்கிறது. இத்தொழிலின் மிகப் பெரிய அநீதி இது.

வங்கிகளும் இங்கு இருந்தன. 1921இல் தூத்துக்குடியில் தோன்றிய நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, வணிகர்களுக்கு உதவியது. 1977இல் உருவான பாண்டியன் கிராம வங்கி 2019இல் தமிழ்நாடு கிராம வங்கியாயிற்று. 2014இல் ஜன் தன் கணக்குகள் வந்தன. 2016 நவம்பர் 8இல் பெரிய நோட்டுகள் செல்லாதவை ஆனதும், ரொக்கமாகக் கிடைத்த வாரக் கூலி வங்கிக் கணக்குக்கு மாறத் தொடங்கியது. பெண்ணின் பெயருக்கே பணம் போவது நன்மை. ஆனால் வங்கி வரிசையில் நின்ற அரை நாளில் சுற்றாத பீடிக்குக் கூலி இல்லை. பாஸ் புத்தகத்தில் மாரியம்மாள், ஆதாரில் மாரியம்மா என்றிருந்தாலே பி.எஃப். பணம் நின்றுவிடும்.

வங்கிக் கணக்கு வந்தும் கடன் தீரவில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் மாநிலச் சட்டம் வந்தும், 2017 அக்டோபர் 23 அன்று இவ்வட்டாரக் கூலித் தொழிலாளி ஒருவர் கந்துவட்டித் தொல்லையால் குடும்பத்தோடு திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்தார்.

பீடித் தொழிலுக்கான சட்டங்களும் மாறிவிட்டன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடி நல வரி நீங்கியது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ளன. எந்தச் சட்டமாயினும், சுற்றும் பெண்ணின் பெயரே புத்தகத்தில் இருக்க வேண்டும்.