உயரும் பேஸ்மட்டம், எட்டாத வாசல்: மதுரை வெள்ளமும் மாற்றுத்திறனாளிகளின் வீடும்

2024 அக்டோபர் 25 அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கிய மழை, கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் கொட்டியதாக அரசு தெரிவித்தது. செல்லூர் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. அந்த நீரை வைகையில் சேர்க்க வேண்டிய பந்தல்குடி வாய்க்காலால் தாங்க முடியவில்லை. செல்லூர், நரிமேடு, ஆலங்குளம், முல்லை நகர் என வடக்கு மதுரையின் பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. பிறகு செல்லூர் கண்மாயிலிருந்து வைகை வரை சிமெண்ட் கால்வாய் அமைக்க 11.9 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. வாய்க்கால் வேலை அரசின் கையில். வீட்டுக்காரர் தம் பங்குக்குப் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: கொத்தனாரைக் கூப்பிட்டு பேஸ்மட்டத்தை ஏற்றுவது.

நடக்க முடிந்தவருக்கு அது கூடுதலாக நான்கு படி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ, சொந்த வீட்டுக்குள் போகவும் வரவும் இரண்டு பேர் துணை வேண்டும் என்ற நிலை. வெள்ளப் பாதுகாப்புக்கும் அணுகல் வசதிக்கும் இயல்பிலேயே பகை என்று கட்டட வல்லுநர்கள் சிலர் நினைப்பதுண்டு. அந்தப் பகை இயல்பானதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். தெருவின் மட்டத்தையும் நீரின் போக்கையும் ஒழுங்கு செய்ய வேண்டிய பொதுக் கடமையைத் தனி வீட்டு வாசற்படியின் மேல் ஏற்றியதால்தான் அது முளைத்தது.

கணக்கைப் பார்ப்போம். சுற்றியுள்ள தரையிலிருந்து வீட்டின் அடிமட்டம் 450 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சாய்தளத்துக்கான சரிவு 1:12, அதாவது ஓரடி ஏற 12 அடி நீளம். ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடிச் சாய்தளம் போதும். சிரமப்பட்டாவது இடம் பண்ணலாம். வெள்ளத்துக்குப் பயந்து மூன்றடி ஏற்றினால் 36 அடி வேண்டும். மதுரையில் சாதாரணக் குடும்பம் வாங்கும் 20-க்கு 30 அடி மனையின் நீளமே 30 அடிதான். மடக்கிக் கட்டினாலும் நான்கடி அகலத்துக்கு 144 சதுர அடி போய்விடும். திரும்பும் மேடைகளைச் சேர்க்காமலே மனையில் ஏறக்குறைய கால் பங்கு.

இதனால்தான் வாசல்களில் வேறொரு சரிவு இருக்கிறது: படிக்குப் பக்கத்தில், பைக் ஏற்றுவதற்காகக் கோடு கிழித்துப் பூசிய செங்குத்தான சிமெண்ட் சரிவு. நாலடி நீளத்தில் ஒன்றரை அடி ஏறும் அதில் சக்கர நாற்காலியைத் தள்ள முயன்றால் பின்னால் சாயும். அரசு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு அதன் அகலம் காணாது. பல இடங்களில் அது வாறுகாலை மூடித் தெருவுக்கு நீண்டிருக்கும். கீழே மண் அடைத்து மழைநீர் தேங்கும். தூர்வார வருபவர்கள் ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்கள். அவர்கள் செய்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டில் அந்த அரைகுறைச் சரிவும் போனால் அவர் உள்ளேயே அடைபடுகிறார். மாற்று வழி அமைத்துத் தராமல் இடிப்பதை எந்த விதியாலும் நியாயப்படுத்த முடியாது.

வாசலை உயர்த்தச் சொல்வது மழை மட்டும் அல்ல. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவதால் ஒவ்வொரு முறையும் தெரு ஏறுகிறது, வீடு பள்ளமாகிறது. சுரண்டி எடுத்துவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதை மாற்றுத்திறனாளிகளின் உரிமை சார்ந்த உத்தரவாக யாரும் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும். தெரு மட்டம் நிலையாக இல்லாத ஊரில் இன்று சரியாகக் கட்டிய சாய்தளம் நாளை பள்ளத்துக்குள் இறங்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது என்கிறது; ஆனால் அது நிறுவனங்களைப் பற்றியது. அணுகல் தரநிலைகள் வெறும் வழிகாட்டுதலாக நின்றுவிடக் கூடாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது பெரிய முன்னேற்றம். இருந்தும் தனி வீட்டின் வாசல் இந்த வளையத்துக்கு வெளியேதான். பிரதமர் வீட்டு வசதித் திட்டமோ, மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்குத் தரைத்தளத்திலோ கீழ்த்தளங்களிலோ முன்னுரிமை தரச் சொல்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் கண்மாய்ப் பள்ளத்தில் எழும் குடியிருப்பில் முதலில் நனைவது தரைத்தளம்; இருக்கைக்கு அடியில் பேட்டரி வைத்த மின் சக்கர நாற்காலி அரையடித் தண்ணீரிலேயே வீணாகலாம்.

லிஃப்ட் வைத்தால் தீராதா என்று கேட்கலாம். வெள்ளம் வந்ததும் முதலில் நிறுத்தப்படுவது மின்சாரம். அதனால் லிஃப்ட்டை மட்டும் நம்ப முடியாது. அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமை ஒரு விஷயத்தில் வழி காட்டுகிறது: வெள்ளப் பகுதியில் வீட்டை உயர்த்தத் தரும் மானியத்திலேயே, மருத்துவச் சான்று இருந்தால், சாய்தளத்துக்கோ லிஃப்டுக்கோ ஆகும் செலவையும் ஏற்கிறது. உயர்த்துவதும் ஏறும் வழியும் ஒரே வேலை என்ற பார்வை அது.

மதுரைக்கு இது எப்படிப் பொருந்தும்? ஊரைச் சுற்றியுள்ள நஞ்சைகள் மனைகளாகின்றன. கிராவல் அடித்து நிரப்பும் அந்த நேரத்திலேயே தெருவையும் மனைகளையும் சேர்த்து மெதுவான சரிவாகத் தரைப்படுத்தினால், படியே இல்லாமல் வாசல் உயரத்தை எட்டலாம். ஆனால் வரத்துக் கால்வாயை மூடி நிரப்பினால் அடுத்த தெரு மூழ்கும். உலகநேரி கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளையே நிற்கிற ஊரில், எந்த மனைப்பிரிவு எந்தக் கண்மாயின் வழியில் இருக்கிறது என்று பார்த்தே அனுமதி தர வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எட்டு வீட்டுக்கு ஒரு பொது நடைமேடையும் ஒரே நீண்ட சாய்தளமும் போதும். தனித்தனி மனையில் அடங்காத 36 அடி அங்கே எளிதில் அடங்கும்.

ஏற்கெனவே உள்ள வீட்டுக்கு மூன்றடி ஏற்றம் தேவையில்லை. ஒன்றரை அடியில் நிறுத்தி, தரைக்கும் கீழ்ச்சுவருக்கும் நீர் தாங்கும் பூச்சு கொடுக்கலாம். கழற்றி மாட்டும் தடுப்புப் பலகையை வாசலில் வைக்கலாம். பிளக் பாயிண்டுகளை மூன்றடிக்கும் நான்கடிக்கும் இடையில் பொருத்தினால் தேங்கும் நீருக்கு மேலேயும் இருக்கும், சக்கர நாற்காலியிலிருந்து கையும் எட்டும்.

இப்படிப்பட்ட வீடு நனையலாம். எனவே உள்ளே இருப்பவரை முன்கூட்டியே வெளியேற்றும் ஏற்பாடு அவசியம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருந்து, ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பதிவேட்டை வார்டு வாரியாகப் பிரித்து, தூர்வாரும் பணியாளர்களிடமும் சாலை ஒப்பந்ததாரரிடமும் கொடுக்கலாம். எந்த வாசலின் சரிவை இடிக்கும் முன் மாற்று வழி வேண்டும், எந்தத் தெருவில் மட்டம் ஓர் அங்குலம்கூட ஏறக் கூடாது என்பது வேலை தொடங்கும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.