ரிப்பீட்டர்களில் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வந்த வரலாறு

ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலியில், கைக்கருவிகளின் வலுக்குறைந்த சமிக்ஞையை உயரமான இடத்தில் வாங்கி, அதே கணத்தில் கூடுதல் திறனுடன் மறுபடி பரப்பும் நிலையமே ரிப்பீட்டர். அது ஓர் அதிர்வெண்ணில் கேட்கும். வேறோர் அதிர்வெண்ணில் பேசும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஆஃப்செட் என்பர். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிலையம் தன் குரலையே கேட்டுக்கொண்டிருக்கும். பள்ளி விழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் எழும் ஊளைச் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

2 மீட்டர் அலைப்பட்டையில் இந்த இடைவெளி பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ். இயற்பியல் விதி எதுவும் இந்த எண்ணைக் கட்டாயப்படுத்தவில்லை. இது பழைய கருவிகளிலிருந்து வந்தது.

1960களில் அமெரிக்காவில் காவல்துறை, டாக்சி முதலிய சேவைகளுக்கான அலைத்தடங்களின் அகலம் குறைக்கப்பட்டது. கழிக்கப்பட்ட பழைய எஃப்.எம். கருவிகளை அமெச்சூர்கள் மலிவாக வாங்கினர. அவற்றில் அதிர்வெண்ணை மாற்றும் குமிழ் கிடையாது. அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனித்தனி குவார்ட்ஸ் படிகம் காசு கொடுத்து வாங்க வேண்டும். எனவே எல்லோரும் சில அதிர்வெண்களிலேயே கூடினர். நேரடிப் பேச்சுக்கு அவர்கள் பரவலாகப் பயன்படுத்தியது 146.94 மெகாஹெர்ட்ஸ்.

ரிப்பீட்டர்கள் பெருகியபோது பல ஊர்களில் அவற்றை 146.94இல் பேச வைத்தார்கள். கேட்கும் படிகத்தை யாரும் மாற்றத் தேவையில்லை, 146.34இல் அனுப்ப ஒரு படிகம் வாங்கினால் போதும். இந்த இணைக்கு "34-94" என்றே பெயர் நிலைத்தது. 146.34இல் கேட்டு 146.76இல் பேசும் ரிப்பீட்டர்களும் அப்போது இருந்தன. அடுத்த ஊரின் இணை வேறாக இருந்தால், காரில் போகிறவரின் கருவி அங்கே வெறும் பெட்டிதான். பொது இடைவெளி தேவைப்பட்டதற்கு இதுவே காரணம். 1970களில் 600 உறுதிப்பட்டது.

இந்தச் சிக்கனத்தின் சுமை நிலையம் அமைப்பவர் தலையில் விழுந்தது. 146 மெகாஹெர்ட்சில் 600 கிலோஹெர்ட்ஸ் என்பது அரை விழுக்காடு கூட இல்லை. பல வாட் திறனுடன் ஒலிபரப்பும் கருவிக்குப் பக்கத்திலேயே ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைந்த சமிக்ஞையை ஏற்பி பிடிக்க வேண்டும். சிலர் இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைத்து இணைத்தனர். மற்றவர்கள் டூப்ளெக்சர் எனப்படும் உலோக உருளை வடிப்பான்களை நாடினர். அகலமான இடைவெளியாக இருந்திருந்தால் இந்த வேலை எளிதாகியிருக்கும்.

ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இந்த அலைப்பட்டை 144 முதல் 146 வரைதான். அங்கே 34-94க்கு இடமே இல்லை. ஆனாலும் 600 மட்டும் அங்கும் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பியத் திட்டப்படி ரிப்பீட்டர் 145.0ஐ ஒட்டிக் கேட்டு 145.6ஐ ஒட்டிப் பேசும்.

70 சென்டிமீட்டர் பட்டையில் இந்த ஒற்றுமை இல்லை. இடைவெளி அமெரிக்காவில் 5 மெகாஹெர்ட்ஸ், ஜெர்மனியில் 7.6, பிரிட்டனில் பெரும்பாலும் 1.6. பிரிட்டனில் திசையும் தலைகீழ்: ரிப்பீட்டர் மேலே கேட்டுக் கீழே பேசும். கருவியில் இடைவெளியைத் தவறாக அமைத்தவருக்கு ரிப்பீட்டர் தெளிவாகவே கேட்கும். அவர் பேசுவது மட்டும் அதை எட்டாது.